அணில் வந்திருக்கு

"அணில் வந்திருக்கு."

பால்கனிக் கதவருகே நின்றுகொண்டு என் கணவர் சொன்னார். சொல்லிவிட்டுக் கொஞ்சம் யோசித்தார். வேட்டி நுனியை ஒரு கையில் பிடித்தபடி, சொல்வதற்கு இன்னும் ஏதாவது மிச்சமிருக்கிறதா என்று வெளியே எட்டிப் பார்த்தார்.

"ஒண்ணுதான் வந்திருக்கு."

கீழே ஒரு ரயில் ஸ்டேஷனுக்குள் நுழைய இடம் கிடைக்காமல் ஊர்ந்துகொண்டிருந்தது. அடுப்பில் குக்கர் சீறியது.

"போயிடுச்சு."

ஒரு பெரிய வேலையை முடித்த களைப்போடு உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். நெற்றி வியர்த்திருந்தது. எங்கள் கல்யாண வாழ்க்கையில், நான் எதுவும் கேட்காமல் அவராக என்னிடம் தொடர்ந்து மூன்று வாக்கியம் பேசியது அநேகமாக அன்றைக்குத்தான்.

கட்டிலில் சாய்ந்திருந்த நான் சிரிக்க நினைத்தேன். வாயின் இடப்பக்கம் மட்டும் சிரித்தது.

பேச்சு போன வீடு

சட்னி அரைக்கப் போனவள் மிக்ஸி மூடியைக் கையில் பிடித்தபடி சரிந்து விழுந்ததையும், மூளையில் ரத்தம் உறைந்துபோய் ஆஸ்பத்திரியில் கிடந்ததையும் இந்தத் தொடரில் சென்ற வாரம் எழுதியிருந்தேன். உயிர் தப்பியது. வலது காலும் கையும் பலவீனமாயின. ஆனால் எல்லாவற்றையும்விடப் பெரிய இழப்பு, பேச்சு.

மற்றவர்கள் சொல்வதெல்லாம் எனக்குப் புரிந்தது. சொல்ல வேண்டிய சொல்லும் மனசுக்குள் பளிச்சென்று இருக்கும். வாயைத் திறந்தால் மட்டும் "தத்த... தத்த..." என்று வரும். தண்ணீருக்கும் தத்த, தலைவலிக்கும் தத்த. சொல் உள்ளே இருக்கிறது, கதவு மட்டும் வெளிப்பக்கம் பூட்டியிருக்கிறது.

இது யாருக்கு வந்தாலும் கஷ்டம்தான். எனக்கு வந்தது கொஞ்சம் அநியாயம். நான் பேசிப் பிழைத்தவள். ரயில் நிலைய விசாரணை கவுன்ட்டரில் தமிழ், கன்னடம், இந்தி, உருது, அரைகுறைத் தெலுங்கு என்று எது வந்தாலும் பதில் சொல்லி ரிட்டயர் ஆனவள்.

அவர் நேரெதிர். அடுகோடி என்ற பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் டர்னராக இருந்தார். அந்த இரைச்சலில் பேசினால் யாருக்கும் கேட்காது என்பதால் பேசுவதையே விட்டுவிட்டாரோ என்னவோ. சாப்பாடு நன்றாக இருந்தால் "ம்". உப்பு இல்லையென்றால் "ம்ம்". மகள் கல்பனா பிறந்தபோது தொட்டிலைப் பார்த்துவிட்டு "ம்" என்றவர், பிறகு யோசித்து "நல்லாருக்கா" என்று சேர்த்துக்கொண்டார். வீட்டில் இரண்டு பேருக்கும் சேர்த்து நானே பேசிக்கொண்டிருந்தேன். அது எங்களுக்குச் சரியாகத்தான் இருந்தது.

கல்பனா புனேயிலிருந்து வந்து ஒரு மாதம் என்கூட இருந்துவிட்டு, மனசில்லாமல் திரும்பிப் போனாள். அதன்பிறகு வீட்டில் இரண்டே பேர். பேச முடியாத ஒருத்தி, பேசத் தெரியாத ஒருவர்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த ஷில்பா சின்னப் பெண். முதல் நாளே வீட்டு நிலைமையைப் புரிந்துகொண்டு அவரைத் தனியாகக் கூப்பிட்டாள். ஆனால் எனக்குக் கேட்டது.

"சார், நான் வாரத்துல ரெண்டு நாள்தான் வருவேன். மிச்ச நாளெல்லாம் நீங்கதான் ஆன்ட்டிகூட பேசிட்டே இருக்கணும். ரேடியோ மாதிரி."

"நானா?"

"நீங்கதான் சார்."

"இன்னா பேசறது?"

"எதுனா பேசுங்க சார். கண்ணுக்கு முன்னாடி இன்னா நடக்குதோ, அத அப்படியே சொல்லுங்க. போதும்."

அவர் கண்ணுக்கு முன்னால் நடந்தது அந்த அணில்.

கம்பிக் கூடு

எங்கள் வீடு ஒக்கலிபுரத்தில், ஜெயம்மா என்ற கன்னடக்காரம்மாவின் கட்டடத்தில், இரண்டாவது மாடி. பால்கனியை ஒட்டி ஒரு புங்க மரம். அத்தனை வருஷமாக அந்த மரத்தில் துணி சிக்காமல் பார்த்துக்கொண்டதைத் தவிர எனக்கும் அதற்கும் வேறு உறவு கிடையாது.

இப்போது அந்த மரம்தான் எங்கள் வீட்டு ரேடியோ நிலையம்.

"காக்கா வந்துச்சு. ரெண்டு. ஒண்ணு போச்சு" என்று ஆரம்பித்தவர் பத்துப் பதினைந்து நாளில் கொஞ்சம் தேறினார். அணில் தரை துடைக்கும் மாப்பிலிருந்து நூலை உருவி, இரண்டு கையாலும் சுருட்டி, வாய் கொள்ளாமல் அடைத்துக்கொண்டு போவதை விவரித்தார். "மீச வச்ச மாதிரி இருக்குது, சரோ" என்றார். அவர் உவமை சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

ஒரு நாள் பரபரப்போடு உள்ளே வந்தார்.

"சரோ, நம்ம ஹேங்கரு காணாம போச்சே, ஞாபகம் இருக்குதா? கம்பி ஹேங்கரு?"

தலையாட்டினேன். வேலைக்கு வந்த பெண் மேல் எனக்குச் சந்தேகம் இருந்தது.

"காக்கா எடுத்துனு போயி கூடு கட்டியிருக்குது! ஹேங்கரு, கேபிள் ஒயரு, அப்புறம் ஒரு ஜி.ஐ. கம்பி. அது நல்ல கெட்டிக் கம்பி, சரோ. கையில வளைக்கவே முடியாது. கொறடு வேணும். மூக்காலயே வளைச்சு உள்ள சொருவியிருக்குது. ஒரு எடத்துல கூட துருத்திக்கல!"

வாழ்நாளெல்லாம் இரும்பைக் கடைந்தவர். ஒரு காக்காவின் வேலைப்பாட்டைப் பார்த்து அசந்துபோய்விட்டார். அன்று முழுக்க அந்தக் கூட்டைப் பற்றித்தான் பேச்சு. சாயங்காலம் மீதியிருந்த ஹேங்கர்களில் ஒன்றை எடுத்துக்கொண்டு போய் பால்கனிக் கம்பியில் மாட்டிவிட்டு வந்தார்.

"பத்தலன்னா எடுத்துக்கட்டும்" என்றார்.

வடையும் முட்டையும்

அவர் பேசப் பேச, எனக்குள்ளும் பழைய கதைகள் எழுந்து வரும். பதிலுக்குச் சொல்லத் துடிப்பேன். தத்த என்று வந்து நிற்கும்.

பருந்தைப் பற்றி அவர் சொன்ன அன்று ஒரு பயணி நினைவுக்கு வந்தார். பிளாட்பாரத்தில் நின்றபடி வடையை வாய்க்குக் கொண்டுபோகும் நேரத்தில், மேலிருந்து ஒரு பருந்து விசுக்கென்று இறங்கித் தூக்கிக்கொண்டு போய்விட்டது. மனிதர் நேராக என் கவுன்ட்டருக்கு வந்தார்.

"மேடம், பருந்து என் வடைய தூக்கினு போச்சு. எங்க கம்ப்ளெய்ன்ட் குடுக்கணும்?"

"எந்தப் பக்கம் போச்சு?"

"அப்படியே மேல."

"மேல நம்ம லிமிட் கெடையாதுங்க."

அவர் ஒரு நிமிஷம் முறைத்தார். பிறகு வரிசையில் இருந்தவர்களோடு சேர்ந்து அவரும் சிரித்துவிட்டார். கையில் வெறும் தேங்காய்ச் சட்னி இருந்தது.

இன்னொரு தடவை ஒரு பெண்மணி கூடையில் கோழியோடு வந்து, கோழிக்கு டிக்கெட் எடுக்க வேண்டுமா என்று கேட்டாள். நான் விதியைத் தேடிக்கொண்டிருக்கும்போதே கோழி கூடைக்குள் கொக்கரித்தது. அவள் கையை விட்டு ஒரு முட்டையை எடுத்தாள். சூடான முட்டை. அதை என் கண்ணாடித் தடுப்புக்கு முன்னால் பிடித்துக்கொண்டு, நிஜமான கவலையோடு கேட்டாள்: "இப்ப இதுக்கும் சேத்தா?"

இதையெல்லாம் அந்தந்த நாளில் வீட்டுக்கு வந்ததும் அவரிடம் சொல்லியிருக்கிறேன். "ம்" என்பார். காதில் ஏறியதா என்றே தெரியாது.

ஆனால் பருந்தைப் பற்றிச் சொன்ன அந்த நாள், அவராகவே தொடர்ந்தார். "நீ சொல்லுவியே, அந்த வடைக்காரரு. இந்தப் பருந்தோட தாத்தாதான் தூக்கியிருக்கும்." கொஞ்சம் பொறுத்து, "கோழிக்காரம்மாவ நீ சொன்னப்ப எனக்குச் சிரிப்பு தாங்கல. பட்டறையில எல்லார்கிட்டயும் சொன்னேன்" என்றார்.

பட்டறையில் எல்லாரிடமும் சொன்னாராம்! நான் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டேன். கண் நிறைந்துவிட்டது.

மொட்டைமாடி

மழைக்காலம் தொடங்கும் முன்பு ஒரு காலையில் அவர் மேலேயிருந்து வேகமாக இறங்கி வந்தார். துணி காயப்போடப் போனவர், வாளியை அங்கேயே விட்டுவிட்டார்.

"சரோ, நீ மேல வரணும். இத நான் சொல்ல முடியாது."

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அதுவரை நான் படியேறிப் பார்த்ததில்லை. அவர் ஒரு கையால் என் இடுப்பைப் பிடித்து, இன்னொரு கையால் என் வலது முழங்காலை ஒவ்வொரு படிக்கும் தூக்கி வைத்தார். பாதி வழியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினோம். மேலே பிளாஸ்டிக் நாற்காலி தயாராக இருந்தது.

வானத்தில் வண்ணத்துப்பூச்சிகள். ஒன்றிரண்டு இல்லை. வெளிர் மஞ்சளும் வெள்ளையுமாக, தண்ணீர்த் தொட்டிக்கு மேலே, கேபிள் ஒயர்களுக்கு இடையே, எல்லாம் ஒரே திசையில். ரயில் பாதையைத் தாண்டி வந்து, எங்களைத் தாண்டி, எங்கேயோ போய்க்கொண்டே இருந்தன. ஒன்று என் மடியில் உட்கார்ந்து இறக்கையை மூடித் திறந்துவிட்டு மறுபடி கூட்டத்தோடு சேர்ந்துகொண்டது.

அவர் எதுவும் பேசவில்லை. நானும்தான். அன்றைக்கு ஒருநாள், பேசாமல் இருந்தது எங்கள் இருவருக்கும் ஒரு குறையாகவே தோன்றவில்லை.

அதிலிருந்து தினமும் காலையில் மொட்டைமாடிக்குப் போவது வழக்கமானது. கால் கொஞ்சம் கொஞ்சமாகப் படிகளைக் கற்றுக்கொண்டது.

தாட்டியான ஆள்

அந்தச் சமயம் ஜெயம்மா மாடியில் ஒரு அறை கட்ட ஆரம்பித்திருந்தார். அதற்காகப் பின்பக்கத்துக் கைப்பிடிச் சுவரை இடித்திருந்தார்கள். சுவர் இருந்த இடத்தில் ஒரு கயிறு மட்டும் தொய்வாகக் கட்டியிருந்தது. ஒரு நாள் காலை, மாடி நடுவில் பழைய புடவை விரித்து ஜெயம்மா சண்டிகை காயப்போட்டிருந்தார். நம் வடாம்தான், அவர் கையில் பச்சை மிளகாய் கொஞ்சம் தாராளம்.

நான் நாற்காலியில் இருந்தேன். என் கணவர் துணி உதறிக்கொண்டே, தொட்டி மேல் உட்கார்ந்திருந்த மைனாவைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்.

புங்க மரம் குலுங்கியது. குரங்கு ஒன்று குதித்து வந்தது. எங்கள் பக்கம் குரங்கு எப்போதாவது வரும். இது நல்ல தாட்டியான ஆண். யாரையும் கவனிக்காமல் நேரே புடவை விரிப்பின் நடுவில் போய் உட்கார்ந்து, ஒரு சண்டிகையை எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தது.

"ஏய்! போ! போ!" அவர் ஈரத் துண்டைச் சுழற்றினார்.

குரங்கு சண்டிகையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தது. பல்லை முழுக்கக் காட்டியது. இரண்டடி முன்னால் வந்து உறுமியது.

அவர் ஒரு அடி பின்னால் வைத்தார். கண் குரங்கின் மேலேயே இருந்தது. அது இன்னும் முன்னே வந்தது. அவர் மறுபடி பின்னே வைத்தார். பின்னால் சுவர் இல்லாத பக்கம்.

எனக்குத் தெரிந்தது. அவருக்குத் தெரியவில்லை.

"என்னங்க" என்று கூப்பிட வாயைத் திறந்தேன். முப்பது வருஷத்துக்கும் மேலாக நான் அவரைக் கூப்பிடும் ஒரே சொல். வரவில்லை. எழுந்திருக்கப் பார்த்தேன், கால் மடங்கியது. தத்த என்றுகூட வரவில்லை. தொண்டையில் வெறும் காற்று. கயிறு அவர் முழங்காலுக்குப் பின்னால் வந்துவிட்டது.

"ராஜேந்திரா!"

அது என் குரல்தான் என்று எனக்கே தெரியவில்லை. கவுன்ட்டரில் கடைசி வரிசை வரைக்கும் கேட்கிற என் பழைய குரல். எதிர்வீட்டு ஜன்னல் ஒன்று திறந்தது.

அவர் அப்படியே நின்றுவிட்டார். குரங்கும் நின்றுவிட்டது. இரண்டும் ஒரே சமயத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தன.

குரங்குக்குத்தான் முதலில் தெளிந்தது. ஒரு கை நிறையச் சண்டிகையை அள்ளிக்கொண்டு தொட்டி மேல் ஏறி, வாயில் போட்டு மென்றது. மிளகாய் ஏறியது போலிருக்கிறது. நாக்கை நீட்டி, தலையைச் சிலுப்பி, கையிலிருந்ததை எல்லாம் உதறிவிட்டு, மரத்தில் தாவி மறைந்தது.

அவர் மெதுவாகப் பின்னால் திரும்பிப் பார்த்தார். தன் குதிகாலைப் பார்த்தார். அதற்கு அப்புறம் இருந்த வெற்றிடத்தைப் பார்த்தார். அங்கிருந்து தவழாத குறையாக என்னிடம் வந்து, தரையிலேயே உட்கார்ந்தார்.

"சரோ... நீயா கூப்ட்ட?"

தலையாட்டினேன்.

"என்னையா?"

வேறு யாரை? ஆனால் அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. நான் அவர் பெயரை ஒரு நாளும் சொன்னதில்லை. ஆபீஸ் ஃபாரம் நிரப்பப் பக்கத்து சீட்டுக்காரி கேட்டால்கூட எழுதித்தான் காட்டுவேன். அம்மா வீட்டுப் பழக்கம், அப்படியே ஒட்டிக்கொண்டது.

"இன்னொரு தடவ கூப்புடு."

"ராஜேந்திரா."

அவர் என் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. நான் அவர் தலையில் இடது கையை வைத்தேன்.

கீழேயிருந்து ஜெயம்மா மூச்சிரைக்க ஏறி வந்தார். "யாருரீ அது? சாரை யாரு பேர் சொல்லி கூப்ட்டது? யாருன்னா ஜகளாக்கு, சண்டைக்கு வந்துட்டாங்களா?"

அவர் என்னைக் காட்டினார். ஜெயம்மா சிதறிக் கிடந்த சண்டிகையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். விஷயம் புரிந்ததும் அவர் கண்ணும் கலங்கிவிட்டது.

"ஹோகலி பிடிம்மா, போனா போட்டும். கோத்தி, அந்தக் குரங்கு, தின்னட்டும். இன்னும் நாலு படி சண்டிகை போடறேன்."

அன்று மதியமே மேஸ்திரியைக் கூப்பிட்டு, கயிறு இருந்த இடத்தில் தகரம் அடைக்கச் சொன்னார்.

எல்லாமே ராஜேந்திரா

கதவு திறந்தது, ஆனால் ஒரு சொல்தான் வெளியே வந்தது. அடுத்த சில வாரங்களுக்கு எனக்கு எல்லாமே ராஜேந்திரா. தண்ணீர், ராஜேந்திரா. ஃபேன், ராஜேந்திரா. கல்பனா போனில் "அம்மா, நான் யாரு சொல்லு?" என்று கேட்டாள். அவளும் ராஜேந்திராதான். அவள் அந்தப் பக்கம் அழுதுகொண்டே சிரித்தாள்.

பால்காரர் ஒரு நாள் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "அம்மா, என் பேரு மஞ்சுநாத்."

ஷில்பா படங்களைக் காட்டினாள். யானை.

"ராஜேந்திரா."

"செரி" என்றார் அவர், பக்கத்தில் உட்கார்ந்து.

குடை.

"ராஜேந்திரா."

"கொடை கூடவா?"

ஷில்பா விழுந்து விழுந்து சிரித்தாள். "இருங்க சார், இது நல்லதுதான். மொதல்ல ஒரு வார்த்த வழி கண்டுபிடிச்சா, அது பின்னாடியே மத்ததும் வரும்."

வந்தது. ஒரு காலையில் அவர் பால்கனியிலிருந்து, "பெரிய காக்கா ஒண்ணு வந்திருக்குது. ரெக்க மட்டும் செவப்பா இருக்குது" என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. தப்பான தகவலைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க எனக்குத் தெரியாது.

"காக்கா இல்ல" என்றேன். "செம்போத்து."

சொன்ன பிறகுதான் என்ன நடந்தது என்று புரிந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பால்கனிக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "ஓ, செம்போத்தா?" என்று மரத்தைப் பார்த்தே கேட்டார். குரல் சரியாக இல்லை.

அன்றிலிருந்து அவர் பறவைகளின் பெயரைத் தாறுமாறாகச் சொல்ல ஆரம்பித்தார். மைனாவைக் குயில் என்பார், கொக்கைக் கோழி என்பார். நான் ஒவ்வொன்றாகத் திருத்தினேன். வேண்டுமென்றேதான் செய்தீர்களா என்று பிறகு ஒரு நாள் கேட்டேன். "எனக்கு இன்னா தெரியும், நான் டர்னரு" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அந்த ஒரு சொல்

இப்போது பெரும்பாலான சொற்கள் திரும்பிவிட்டன. அவசரத்தில் தடுக்கும். போனில் தெரியாதவர்களிடம் பேசும்போது திக்கும். ஆனால் இந்தத் தொடரை எழுதுகிற அளவுக்கு வந்திருக்கிறேன். இதற்கு நான் நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர், டாக்டர்கள், ஷில்பா, ஜெயம்மா. மாப்பைப் பிய்த்த அணிலும், மிளகாய்க்குப் பயந்த அந்தத் தாட்டியான ஆளும்கூட. அந்த ஆள் அதற்குப் பிறகு எங்கள் பக்கம் வரவேயில்லை.

ஒரே ஒரு சொல் மட்டும் திரும்பவில்லை. "என்னங்க." எவ்வளவோ முயன்றேன். ஷில்பா அதற்கென்று தனியாகப் பயிற்சிகூடக் கொடுத்தாள். எழுத வருகிறது, படிக்க வருகிறது. அவரைப் பார்த்துக் கூப்பிடப் போனால் நாக்கு தானாகப் பெயரில் போய் நிற்கிறது.

சமீபத்தில் லிங்கராஜபுரத்தில் அவர் உறவில் ஒரு கல்யாணம். சத்திரத்தில் பயங்கரக் கூட்டம். பந்திக்குப் போகும் வழியில் அவரைத் தவறவிட்டுவிட்டேன். என்னை இடித்துக்கொண்டு ஆட்கள் போனார்கள். கால் தடுமாறியது. பயத்தில் கூப்பிட்டேன்.

"ராஜேந்திரா!"

பந்தியில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த என் நாத்தனார், அவருக்கு மூத்த அக்கா, பாயசத்தை இலையிலேயே விட்டுவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னாம்மா இது, புருஷன இப்படியா கூப்புடுவாங்க?"

எனக்கு முகம் சிவந்தது. பதில் சொல்லலாம் என்றால் அந்த நேரம் பார்த்து ஒரு சொல்லும் வரவில்லை.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவர் வந்தார். "வந்துட்டேன், வந்துட்டேன்" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே வந்தார். என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு அக்காவிடம் திரும்பினார். அக்காவிடம் எதிர்த்து ஒரு வார்த்தை பேசி யாரும் பார்த்திராத மனிதர்.

"எங்க ஊட்ல என்னை இப்படித்தான் கூப்புடுவாங்க, அக்கா" என்றார்.

எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, பக்கத்து இலையில் அவரும் உட்கார்ந்தார். பிறகு ஜன்னலுக்கு வெளியே தென்னை மட்டையில் ஏதோ அசைகிறது என்று பேச ஆரம்பித்தார். சாம்பார் வந்தது, ரசம் வந்தது, மோர் வந்தது. அவர் நிறுத்தவே இல்லை.